நம்பரை ரெண்டு தடவை சொல்லணும்

அந்தப் பையை இப்படிக் குடுங்கம்மா, என் மடியில வச்சுக்கிடுதேன். நீங்க நல்லாச் சாஞ்சு உக்காருங்க. தூத்துக்குடி வரைக்குமா? நான் அதுக்கு முன்னாடியே இறங்கிருவேன். வல்லநாடு தாண்டி ஆலங்கிணறு விலக்கு. கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன், அவன் காதுல வாங்குன மாதிரியே தெரியல. பேங்க்ல வேலையா? கழுத்துல அட்டை தொங்குதே, அதான் கேட்டேன். நல்ல சோலி. நம்பர் புழங்குத இடம். நானும் நம்பர் புழங்குன ஆளுதான்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சு. திருநவேலி. முப்பது வருஷம் காதுல ஹெட்போன் மாட்டுனவ. ஆபரேட்டர் சண்முகவடிவுன்னா அப்ப தெரியாத ஆளு கிடையாது. இப்ப நீங்க பட்டனைத் தட்டுனா அமெரிக்கா வருது. அன்னைக்கு மதுரைக்குப் பேசணும்னா எங்க தயவு வேணும். டிரங்க் கால் புக் பண்ணிட்டு சாப்பிடாமக் கொள்ளாம காத்துக் கெடப்பாங்க. சாவுச் செய்தின்னா லைட்னிங் கால், மத்ததெல்லாம் தள்ளி வச்சிட்டு அதைப் போடணும். சேந்த அன்னைக்கு எங்களுக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் குடுத்தாங்க. நம்பரை ரெண்டு தடவை சொல்லணும். ஒவ்வொண்ணா, நிறுத்தி, தெளிவா. எதிர்ல உள்ள ஆளைத் திருப்பிச் சொல்ல வைக்கணும். என் கையில ஒரு நம்பர் தப்பிப் போச்சுன்னு ஒரு புகார் வந்தது கிடையாது.

இன்னொண்ணு வாய். எந்த முதலாளி எந்த ஊருக்கு எதுக்கு போன் போடுதாரு, எந்த வீட்டுல யாரு அழுதா, எல்லாம் எங்க காது வழியாத்தானே போகும்? ஒரு சொல்லு வெளிய வந்திருக்குமா? வடக்கு ரத வீதியில ஒரு ஜவுளிக்கடை முதலாளி, டெய்லி மத்தியானம் ராஜபாளையத்துல ஒரு டீச்சரம்மாகூட... வேண்டாம். பேரைச் சொல்ல மாட்டேன். கடைக்குப் பச்சை போர்டு, அதுக்கு மேல கேக்காதீங்க. அப்படி வாயைக் கட்டி வச்சிருந்தவ நான். என்னயப் பாத்து எம்புள்ள கேக்கான், "ஒனக்கு ஏம்மா இந்த வாய்"னு. பெத்த வயிறு எப்படி எரியும்? சொல்லுங்க.

இப்ப எங்க போறேன்னு கேட்டா சிரிப்பிய. விசாரணைக்கு. நெசமாத்தான். இந்த வயசுல, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, விசாரணைக்கு. நான் ஒண்ணும் பண்ணல. என் மருமக சிந்துஜா மேலதான் விசாரணை. நான் சாட்சி. ஒரு கேள்வி கேப்பாங்களாம், ஒரு பதில் சொல்லணுமாம். அதுலதான் அவ ஜெயிலுக்குப் போறாளா வீட்டுக்கு வாராளான்னு இருக்குதாம்.

பயந்துராதீங்க, கொலை கேஸ் இல்ல. சாட்டிலைட் கேஸ்.

ஆமா, வானத்துல சுத்துதே, அதேதான். விலக்குல இறங்கி உள்ள போனா ஒரு கம்பெனி இருக்கு. தோசைக்கல்லு மாதிரி பெருசு பெருசா வானத்தைப் பாத்து வச்சிருப்பாங்க. அங்க எம்மருமகளுக்குக் காவல் வேலை. வாட்ச்மேன் இல்லம்மா! எம்.டெக். படிச்சவ. கல்யாணமான புதுசுல கேட்டேன், "ஏட்டி, அப்படி என்னதான் ஒனக்கு வேலை?"ன்னு. நல்லாத்தான் சொன்னா அன்னைக்கு. "அத்தை, மேல ஒரு பொட்டி சுத்துது. நாம சொன்னா திரும்பும், நாம சொன்னா பேசும். ஆனா சொல்றது யாருன்னு அதுக்குத் தெரியாது. முறையாச் சொன்னா எவன் சொன்னாலும் செஞ்சுரும். திருடன் சொன்னாலும் செஞ்சுரும். நம்ம ஆளுங்க சொல்றதை மட்டும் அது கேக்கணும், அதுக்குத்தான் நான்"ன்னா. பொட்டியும் நல்ல பொட்டி. கடலுக்குப் போற வள்ளத்துக்கெல்லாம் ஒரு சின்ன மிஷின் குடுத்திருக்காங்க. காத்து மாறுது, திரும்பி வாங்கன்னா அந்தப் பொட்டி வழியாத்தான் செய்தி போகும். நான் சொன்னேன், "அப்ப இதுவும் எக்ஸ்சேஞ்சுதாம்ளா. நானும் நீயும் ஒரே ஜாதி"ன்னு. சிரிச்சா. அன்னைக்கு என் கையால ரெண்டு தோசை கூட வாங்கித் தின்னா.

அதுக்குப் பொறவு வீட்டுக்குள்ள அவ சட்டம் போட ஆரம்பிச்சா பாருங்க. சாட்டிலைட்டுன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது, கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னாப் போதும். எப்ப நைட் ஷிப்ட், எப்ப பகல் ஷிப்ட்டுன்னு சொல்லக் கூடாது. கம்பெனி வாசல்ல நின்னு போட்டோ எடுத்து குரூப்புல போடக் கூடாது. போன் பாஸ்வேர்டு கட்டுன புருஷனுக்கே தெரியாது! எனக்கு வயிறு எரிஞ்சுது. பின்ன எதுக்கும்மா இம்புட்டுப் படிப்பு? எதுத்த வீட்டுக்காரி மருமக மருந்துக்கடையில நிக்கா, அவ என்னமோ டாக்டர் கணக்கா அந்தம்மா பீத்திக்கிடுதா. எம்மருமக வானத்துக்கே காவல் நிக்கா, நான் வாயை மூடிக்கிட்டு "கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்"னு சொல்லணுமாம்.

ஒண்ணு சொல்லுதேன், அவ கெட்டவ இல்ல. கோவம் உண்டு, அழுத்தம் உண்டு, ஆனா கெட்டவ இல்ல. குழந்தை இல்ல. அதான். வருஷக்கணக்கா இல்ல. ஆஸ்பத்திரிக்கு நடையா நடந்தாங்க ரெண்டு பேரும். ஊசி, மாத்திரை, ஸ்கேன், என்னென்னமோ. எங்க நாத்தனா பேத்திக்கு வளைகாப்பு வந்துது. பத்திரிகையில பேரு இருக்கு, ஆனா வளையல் போடுத நேரத்துல இவளைக் கூப்பிடல. கையில சந்தனக் கிண்ணத்தை வச்சுக்கிட்டு அப்படியே நின்னா. ஒருத்தி வந்து கிண்ணத்தை வாங்கிட்டுப் போயிட்டா. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுக்கிட்டு அழுதா. தண்ணிச் சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சிருக்கா. எனக்கு ஹெட்போன் போட்ட காதும்மா, எல்லாம் கேக்கும். அன்னைக்கு நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு அழுதது அவளுக்குத் தெரியாது.

அப்பத்தான் எங்க ரிட்டயர்டு ஆபரேட்டர் குரூப்புல ஒரு வீடியோ வந்துது. பிள்ளை வரத்துக்கு அம்பாள் பிரசன்னம் பாத்துச் சொல்லுதாரு ஒரு சாமி. கீழே கும்பல் கும்பலா எழுதியிருக்காங்க, எங்களுக்குப் பாருங்க, எங்களுக்குப் பாருங்கன்னு. நானும் ரெண்டு வரி எழுதுனேன். என்ன எழுதுனேன்... "சாமி, என் மருமகள் சிந்துஜா, கோமதிநாயகம் மனைவி, பாளையங்கோட்டை, சாட்டிலைட் கம்பெனியில் கண்ட்ரோல் ரூமில் பெரிய அதிகாரி, இரவு பகல் பாராத வேலை, புத்திர பாக்கியம் இல்லை"ன்னு எழுதி, கீழ என் போன் நம்பரையும் போட்டேன். சாமிகிட்டக்கூடவா கம்ப்யூட்டர் வேலைன்னு பொய் சொல்ல முடியும்?

கொஞ்ச நாள்ல சாமியே போன் பண்ணிட்டாரு! ஆயிரம் பேரு எழுதியிருக்கான், எனக்கு மட்டும் பண்ணுதாரு. குரல் இருக்கே, பன்னீரைத் தெளிச்ச மாதிரி. "அம்மா, உங்க வேண்டுதல் அம்பாள் காதுல விழுந்திருக்கு"ன்னாரு. பிறந்த நாள், நேரம், நட்சத்திரம் கேட்டாரு. வீட்டுல என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவீங்கன்னு கேட்டாரு. வேலை நேரம் கேட்டாரு. ராத்திரி முழிக்கிற உடம்புல சூடு ஏறும், அதான் கேக்காரு. எவ்வளவு நுணுக்கம் பாத்தியளா? காசு ஒத்தைப் பைசா கேக்கல. காசு கேட்டிருந்தா நானே போனை வச்சிருப்பேன். உங்க பேங்க் பேரைச் சொல்லி எத்தனை பய போன் பண்ணியிருக்கான் தெரியுமா? "கார்டு பிளாக் ஆயிருச்சு, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க"ன்னுவான். கிழிகிழின்னு கிழிச்சுத் தொங்கப் போட்டிருக்கேன். ஒருத்தன் என்கிட்டயே மன்னிப்புக் கேட்டுட்டு வச்சான். ஓ.டி.பி. வாங்க என்கிட்ட வாரானுவ, மூதிங்க! நான் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ.

சாமி சொன்னாரு, செல்போனைத் தலைமாட்டுல வச்சுப் படுக்கிற பொம்பளைக்குக் கரு தங்காதுன்னு. அதைப் பூஜை இருக்கிற இடத்துல வச்சாத் தோஷம் கழியும்னு. இவகிட்டச் சொன்னா கேப்பாளா, படிச்ச திமிரு காட்டுவாளேன்னு நினைச்சுக்கிட்டேதான் சொன்னேன். "நீ படுக்கும்போது போனை ரூமுக்குள்ள கொண்டு போகாதம்மா. பூஜை ஷெல்ஃபுல சார்ஜர் மாட்டி வச்சிருக்கேன், அங்க வையி. இந்தக் கிழவி பேச்சை இந்த ஒண்ணே ஒண்ணுலயாவது கேளு"ன்னேன். "சரி அத்தை"ன்னா. அன்னையிலருந்து ஒழுங்கா வச்சா. கல்யாணமாகி வந்த நாள்லருந்து அவ என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு விஷயத்துலதான்.

பொறவு செவ்வாக்கிழமை வந்துது. ராகு காலத்துல பிரசன்னம். வீட்டுல விளக்கேத்தி வச்சுக்கிட்டு போன்ல இருக்கணும்னு சொல்லியிருந்தாரு. இவ நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து உள்ள தூங்குதா. பிரசன்னம்னா தெரியுமில்லா? ஒரு நம்பர் சொல்லச் சொல்லுவாங்க, அந்த நம்பரை வச்சுக் கட்டம் போட்டுப் பலன் சொல்லுவாங்க. எங்க அம்மா காலத்துலருந்து உள்ளதுதான். நான் மனசுல ஒரு நம்பரை நினைச்சு வச்சிருந்தேன். சாமி சொன்னாரு, "நீங்க நினைக்கிற நம்பர் வேண்டாம்மா. அம்பாளே நம்பர் அனுப்புவா. பூஜையில இருக்கே உங்க மருமக போன், அதுல இப்ப வரும், பாருங்க"ன்னாரு. எனக்கு மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கிட்டு நிக்கி. போன் பூஜையிலதான் இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

ஆமா, அவருதான் அங்க வைக்கச் சொன்னாரு. அது வேற. இன்னைக்கு அங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? அதைச் சொல்லுங்க.

அவரு சொல்லி வாய் மூடல, போன் டிங்குன்னுது. வெளிச்சம் வந்துது. விளக்குப் பக்கத்துல நம்பர் மின்னுது. முன்னால ஏதோ இங்கிலீஷ்ல எழுதியிருந்துது. அதை நான் பாக்கல. பாக்கணும்னு தோணல. எங்க தொழில்ல நம்பர்தான் நம்பர். கண்ணுல தண்ணி வந்துட்டுது எனக்கு. "சொல்லுங்கம்மா, சீக்கிரம், வேளை போயிரும்"ங்காரு. சொன்னேன். ஒவ்வொண்ணா, நிறுத்தி, தெளிவா. "திருப்பிச் சொல்லுங்க"ன்னேன். சாமியவே திருப்பிச் சொல்ல வச்சேன்! சரியாச் சொன்னாரு. மறுபடி ஒரு தடவை சொன்னேன். "அம்மா, உங்க வீட்டுல தொட்டில் ஆடும்"னாரு. அந்தக் குரல் இன்னும் காதுக்குள்ள இருக்கு.

ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டாரு. இதை உற்றார் உறவு யாருக்கும் சொல்லக் கூடாது. பிள்ளை பொறந்து தொட்டில்ல போடுத வரைக்கும் மூச்சு விடக் கூடாது. சொன்னா, தங்குனது தங்காது. உங்ககிட்டச் சொல்லலாம், நீங்க உறவா என்ன? பஸ்ல வாரவங்க. அதுக்குத் தடை இல்ல, நான் யோசிச்சுப் பாத்துட்டேன்.

ஏன் இப்படிப் பாக்கிய? தண்ணி வேணுமா? என் பாட்டில்ல இருக்கு, குடிங்க. பஸ் காத்து சில பேருக்கு ஒத்துக்காது.

மிச்சத்தையும் கேளுங்க. அன்னைக்குச் சாயங்காலம் கம்பெனியிலருந்து போன் மேல போன். தூங்குனவளை எழுப்பி விட்டேன், அவளே வந்து எடுத்தா. கேட்டுக்கிட்டே இருந்தவ முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிட்டுது. காலுல செருப்பு மாட்டாம ஓடுனா. எவனோ திருட்டுப்பய உள்ள புகுந்துட்டான். இவ பேரைச் சொல்லியே புகுந்திருக்கான். சாட்டிலைட்டைத் திரும்புன்னு சொல்லியிருக்கான், அதுவும் திரும்பிருச்சு. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா கரண்டு எங்கருந்து வரும்? பேச்சு மூச்சு இல்லாமப் போச்சு. எதுக்குப் பண்ணுனான், எந்த ஊரு பயன்னு இன்னும் தெரியாது. மறுபடி அதைத் திருப்பிக் கொண்டு வர இவங்க பட்ட பாடு! எம்மருமக வீட்டுக்கே வரல. அங்கயே கெடந்து, சோறு தண்ணி இல்லாம, திருப்பிட்டா. அவதான் திருப்புனா. அதை இப்ப ஒரு பய பேசுதானா?

ஆனா அதுக்குள்ள கடல்ல காத்து மாறிருச்சு. கரையிலருந்து செய்தி போகல. மத்த வள்ளமெல்லாம் தட்டுத்தடுமாறி வந்துட்டுது. ஒரு வள்ளம் கவுந்துட்டுது. அதுல உள்ளவங்களை வேற வள்ளக்காரங்க தூக்கிட்டாங்க, லூர்துன்னு ஒருத்தன் மட்டும் கெடைக்கல. இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல.

அவன் பொண்டாட்டி செலின்னு, சின்னப் பொண்ணு. விசாரிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டா. சண்டை போடப் போறான்னு நினைச்சு நான் வாசல்லயே மறிச்சேன். அவ சண்டை போடல. சிந்துஜாவைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நீதானாக்கா அதுக்குக் காவல்?"ன்னா. இவ "நான்தான்"ன்னா. அவ்வளவுதான். அந்தப் பொண்ணு தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. ரெண்டு திட்டு திட்டியிருந்தாக்கூட இவ தேறியிருப்பா.

கம்பெனிக்காரன் என்ன சொல்லுதான்னா, பாஸ்வேர்டு எப்படியோ முன்னாடியே களவு போயிருக்கு, ஆனா அதை மட்டும் வச்சு உள்ள வர முடியாது, இவ போனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் அடிச்சாத்தான் கதவு திறக்கும்னு. அந்த நம்பரை அவன் சரியா அடிச்சிருக்கான். அப்ப நீதான் குடுத்திருக்க, காசுக்கு வித்திருக்கன்னு சொல்லுதான். அக்கிரமம் பாத்தியளா? இவதான் தலைதலையா அடிச்சுக்கிட்டாளாம், போனுக்கு நம்பர் வர்ற ஏற்பாடு சரியில்ல, அதை எவன் வேணாலும் ஏமாத்தி வாங்கிருவான், ஆளுக்கு ஒரு சாவி மாதிரி தனியா மிஷின் குடுங்கன்னு. அடுத்த வருஷம் பாக்கலாம்னுருக்கான் மேனேஜர். இப்ப அவன் ஏ.சி.யில உக்காந்திருக்கான், இவ வேலையை நிறுத்தி வச்சு, இன்னைக்கு விசாரணை முடிஞ்சதும் போலீஸ்ல குடுப்போம்ங்கான்.

அவங்க இவகிட்டக் கேட்டிருக்காங்க, "அந்த நேரத்துல போன் எங்க இருந்தது?"ன்னு. "வீட்டுல, பூஜை ஷெல்ஃபுல." "வீட்டுல யாரு இருந்தா?" "எங்க அத்தை மட்டும்தான்." "அவங்க எடுத்து யாருக்கும் சொல்லியிருப்பாங்களா?" அதுக்கு எம்மருமக என்ன சொன்னாளாம் தெரியுமா? "எங்க அத்தை முப்பது வருஷம் டெலிபோன்ல இருந்தவங்க. ஒரு நம்பரோட அருமை அவங்களுக்குத் தெரியிற மாதிரி உங்க யாருக்கும் தெரியாது. அவங்க சொல்ல மாட்டாங்க"ன்னாளாம். எம்புள்ளதான் வந்து சொன்னான். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஒரு நாளும் வாய் விட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லம்மா அவ. எனக்குத் தெரியாம எம்மேல இம்புட்டு மதிப்பு வச்சிருந்திருக்கா.

அவளும் என்கிட்டக் கேட்டா. கோவில்பட்டியில அவ அப்பா வீட்டுக்குப் போறதுக்கு முன்னால, பெட்டியைக் கீழ வச்சிட்டு, "அத்தை, அன்னைக்கு என் போனை யாராவது எடுத்தாங்களா?"ன்னா. "யாரும் எடுக்கலம்மா"ன்னேன். நெசம்தானே? நான் எடுக்கல. தொடவே இல்ல. அது இருந்த இடத்துல இருந்துது, நான் குனிஞ்சு பாத்தேன். குனிஞ்சு பாக்குறது எடுக்குறதா? சாமி மேல சத்தியமாச் சொல்லுவேன், என் விரல் அந்தப் போன்ல படல.

எம்புள்ளதான் சந்தேகப்படுதான். "ஒன் ராசிக்கு நீ யார்கிட்டயாவது எதையாவது ஒளறியிருப்ப"ங்கான். சோறு போட்டா தட்டைத் தள்ளிட்டுப் போறான். ஒரு வீட்டுல இருந்துக்கிட்டு என் முகத்தைப் பாக்க மாட்டேங்கான். இருக்கட்டும். பிள்ளை பொறக்கட்டும், அவனே வந்து காலுல விழுவான்.

ஆமாம்மா! அதைச் சொல்லலியே உங்ககிட்ட. மாசமா இருக்கா! கோவில்பட்டியிலருந்து சேதி வந்துது. வருஷக்கணக்கா தங்காதது தங்கிருச்சு. ஆஸ்பத்திரி மருந்துன்னு நீங்க சொல்லுவிய. மருந்து எத்தனை வருஷமாத் தின்னா? அப்ப ஏன் தங்கல? அந்தச் செவ்வாக்கிழமைக்குப் பொறவுதானே தங்குச்சு? சாமிகிட்டச் சொல்லி நமஸ்காரம் பண்ணுவோம்னு போன் போட்டேன். இப்படி ஒரு நம்பரே உபயோகத்துல இல்லன்னு ஒரு பொம்பள திரும்பத் திரும்பச் சொல்லுதா. காசிக்கோ இமயமலைக்கோ போயிருப்பாரு. அவங்களுக்கு எதுக்கு போனு?

என்ன? அந்த நம்பர் எத்தனை இலக்கமா? ஆறு. ஏன்?

உங்க பேங்க்லயும் ஆறுதான், எனக்குத் தெரியாதா? எதுக்கு இப்ப அதைச் சொல்லுதிய?

வேண்டாம்மா. நீங்க என்ன சொல்ல வாரியன்னு எனக்குத் தெரியுது. சொல்லாதீங்க. அதே செவ்வாக்கிழமைன்னு எனக்கும் தெரியும். அதே மத்தியானம்தான். ஒரு நாளு பூஜை அறையில உக்காந்து இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். லூர்து பொண்டாட்டி முகம் வந்து முன்னால நிக்கி. பொறவு விளக்கை ஏத்திக் கும்பிட்டேன், தெளிஞ்சுது. செவ்வாக்கிழமை மத்தியானம் உலகத்துல ஆயிரம் நடக்கும். திருடன் கேட்டா அது திருட்டு நம்பர். சாமி கேட்டது அம்பாள் நம்பர். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? ஒண்ணுதான்னு வச்சா, அவ வயித்துல இருக்கறது யாரு குடுத்தது? சொல்லுங்க, யாரு குடுத்தது?

நான் வாயைத் திறந்தா அது கலைஞ்சுரும். அவ ஜெயிலுக்குப் போனாலும் திரும்பி வந்துருவா. கலைஞ்சது திரும்பி வருமா? நீங்க பெத்தவங்களா? அப்ப ஒங்களுக்குத் தெரியணும். அந்தச் சந்தனக் கிண்ணத்தைப் பிடுங்கிட்டுப் போனப்ப அவ நின்ன நிலையை நீங்க பாக்கல. நான் பாத்தேன்.

கையை விடுங்கம்மா, வலிக்குது. எல்லாரும் பாக்காங்க.

அவ போன் நம்பரா? எம்மருமக நம்பரு ஒங்களுக்கு எதுக்கு? நல்லாருக்கே கதை! முன்ன பின்ன தெரியாத ஆளுக்கு, பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்களுக்கு, நம்பரைத் தூக்கிக் குடுத்துருவேனா? முப்பது வருஷத்துல ஒருத்தருக்குக் குடுத்தது கிடையாது. கலெக்டர் வீட்டு அம்மா வந்து நின்னு கேட்டப்பவே குடுக்கல. எம்மருமக நாலு பேரு முன்னால எம்மேல வச்ச நம்பிக்கை என்ன ஆகுறது?

ஏ கண்டக்டர்! விலக்கு, ஆலங்கிணறு விலக்கு! ரெண்டு தடவை சொன்னேனே, காதுல விழலியா? அந்தப் பையைப் பிடிங்கம்மா, ஒங்க பை. அதோ நிக்கா பாருங்க, வேப்பமரத்தடியில, மஞ்சச் சுடிதார். அவதான். வயித்துல கையை வச்சுக்கிட்டு நிக்கா. எவ்வளவு மெலிஞ்சுட்டா. எனக்காகத்தான் வெயில்ல வந்து நிக்கா.

நீங்க எதுக்கு எந்திரிக்கிய? ஒங்க ஊரு இன்னும் வரல, உக்காருங்க. கண்டக்டர், விசிலைக் கொடுப்பா. என் பதிலை நான் பாத்துக்கிடுதேன். என் மருமக போனை யாரும் எடுக்கல, யாரும் தொடல. அங்க போயி ரெண்டு தடவை சொல்லுவேன். ஒவ்வொண்ணா, நிறுத்தி, தெளிவா. என் வாயிலருந்து தப்பே வராது.